வழித்துணை

ஆகஸ்டுத் திங்களின் கடைசி நாட்களில் வேளாங்கண்ணிக்குச் செல்லும் சாலைகளுக்கு ஒரு தனி அழகு வந்து சேர்கிறது. காவி உடுத்தி, வெறுங்காலோடு, அணியணியாய் மக்கள் நடக்கிறார்கள். அன்னையின் சுரூபம் தாங்கிய சிறு தேர் முன்னே செல்ல, செபமாலையின் ஒலி பின்னே தொடர, பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கிறார்கள். மரத்தடியிலும் பள்ளித் திண்ணையிலும் பகலில் கண்ணயர்கிறார்கள். 29-ஆம் நாள் கொடியேறும்போதே திருத்தலத்தில் இருக்க வேண்டும் என்று விரைவோரும் உண்டு. செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவுக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று நிதானமாக வருவோரும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய விழா நாட்களில் ஒன்றில், நாங்களும் அச்சாலையில் சென்றோம். நடைப்பயணமாக அன்று, வாடகை வேனில். குடும்பத்தார் பதினொரு பேர். திருவாரூரைக் கடந்தபோது விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். செபமாலையின் நான்காம் காரணிக்கத்தில் இருந்தோம். ஒரு வளைவில் விளக்கு வெளிச்சம் திரும்பியபோது, சாலையோரம் ஓர் இருசக்கர வண்டி சாய்ந்து கிடப்பதையும், அதற்கு அப்பால் ஒரு மனிதன் குப்புற விழுந்து கிடப்பதையும் எல்லாருமே கண்டோம். ஒரு கை மட்டும் மெல்ல அசைந்தது.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். “ஐயா, நிறுத்தட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் தம்பி. போலீசு, கேசு என்று நாளெல்லாம் அலைய வேண்டி வரும். பின்னால் வருகிறவர்கள் யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஐந்து மணிப் பூசைக்கு நாம் போயாக வேண்டும்.” இப்படிச் சொன்னது வேறு யாருமல்ல, நாங்களேதான்.

எங்கள் தாயார் மட்டும், “யார் பெற்ற பிள்ளையோ, நிறுத்துங்கப்பா” என்றார்கள். அதற்குள் வேன் வேகமெடுத்துவிட்டது. செபமாலை ஐந்தாம் காரணிக்கத்துக்குச் சென்றது.

பூசை கண்டோம், மெழுகுதிரி ஏற்றினோம், காணிக்கை செலுத்தினோம். தாயார் அன்று பகல் முழுவதும் எங்களோடு பேசவில்லை. மாலை அதே வழியில் திரும்பினோம். அந்த வளைவுக்குச் சற்று முன்னால் இருந்த தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னவர் அவர்கள்தாம். விடியற்காலையில் இங்கே ஒருவர் அடிபட்டுக் கிடந்தாரே, அவர் என்னவானார் என்று கடைக்காரரிடம் கேட்டார்கள்.

“நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் எடுத்துப் போனார் அம்மா. சின்ன வண்டி. அதில் ஆள் படுக்க இடமில்லை. மீன் பெட்டிகளை எல்லாம் என் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது மணி எட்டரை. ஐஸ் எல்லாம் கரைந்து, பாதி மீன் வீணாகிவிட்டது. ஒரு டீ மட்டும் குடித்தார். பெயர் என்ன என்று கேட்டேன். ‘பெயர் எதற்கு அண்ணே’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.”

“அடிபட்டவர் பிழைத்தாரா?”

“தெரியாது அம்மா. தூக்கும்போது மூச்சு இருந்தது.”

இன்றுவரை எங்களுக்கும் தெரியாது. நம் வாசகக் குடும்பங்களோடு இவ்விதழில் சிந்திக்க விரும்பும் பொருளுக்கு அந்த மீன் வண்டிக்காரரே ஆசான். ஆதலால் எங்கள் வெட்கத்தை மறைக்காமல் முதலிலேயே எழுதிவிட்டோம்.

எரிக்கோ சாலை

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் பதினைந்தாம் ஞாயிறன்று, திருப்பலியில் அது வாசிக்கப்படுகிறது. மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கள் அதை நாடகமாக நடிக்கிறார்கள். ஆயினும் அது ஒரு சாலையின் கதை, பயணிகளின் கதை என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. எரிக்கோவோ கடல் மட்டத்துக்கும் கீழே ஏறத்தாழ 250 மீட்டர் தாழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. இடையே உள்ள தொலைவு 30 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு தொலைவுக்குள் பாதை ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. இரு புறமும் வறண்ட பாறைகள், குகைகள், கண்ணுக்குத் தெரியாத திருப்பங்கள். கள்வருக்கு வாய்த்த இடம் அது.

இச்சாலையில் வந்த குருவும் லேவியரும் கொடியவர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவர்கள் கண்டார்கள், விலகிச் சென்றார்கள், அவ்வளவே. அவர்களுக்கும் காரணங்கள் இருந்திருக்கும். கள்வர் இன்னும் அருகில் ஒளிந்திருப்பரோ என்ற அச்சம் இருந்திருக்கலாம். கிடப்பவன் இறந்திருந்தால் தீண்டியதால் தீட்டாகுமே என்ற தயக்கமும் இருந்திருக்கலாம். எங்கள் வேனுக்குள் எழுந்த காரணங்களுக்கும் இவற்றுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

சமாரியர் செய்ததை லூக்கா நற்செய்தி ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அருகே சென்றார்; காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார்; தம் விலங்கின்மீது ஏற்றினார்; சாவடிக்குக் கொண்டுபோய் இரவு முழுவதும் பார்த்துக்கொண்டார்; மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்தார்; மேற்செலவு ஆனால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார். ஒரு தெனாரியம் அந்நாளில் கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஆக, தம் எண்ணெய், தம் மது, தம் விலங்கு, தம் நேரம், தம் இரண்டு நாள் கூலி ஆகிய இத்தனையையும் முன்பின் அறியாத ஒருவனுக்காக அவர் செலவிட்டார். விலங்கின்மீது அடிபட்டவனை ஏற்றியபின் அவர் நடந்துதான் சென்றிருக்க வேண்டும். மீன் பெட்டிகளைச் சாலையோரத்தில் இறக்கி வைத்தவரும் இதையே செய்தார்.

வழிப்பயணிக்குச் செய்யும் உதவியில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. உறவினருக்கு உதவினால் அவர் நமக்குத் திரும்ப உதவுவார். அண்டை வீட்டாருக்கு உதவினால் ஊரில் நற்பெயர் கிடைக்கும். வழியில் கண்டவரோ நம்மை மீண்டும் பார்க்கப் போவதில்லை. நம் பெயரும் அவருக்குத் தெரியாது. கைம்மாறு கிடைக்க வழியே இல்லாத இடத்தில் செய்யப்படுவதால், அன்பு தன்னலக் கலப்பின்றி நிற்கக்கூடிய இடங்களில் சாலையும் ஒன்றாகிறது.

அன்னையின் திருத்தலம் சொல்லும் பாடம்

வேளாங்கண்ணியைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் மரபுச் செய்திகள் மூன்று என்பது நாம் அறிந்ததே. அவற்றை ஒருமுறை நினைவுகூர்வோம்.

முதலாவது, பால்காரச் சிறுவனின் செய்தி. நாகப்பட்டினத்துக்குப் பால் சுமந்து சென்ற அவன், குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறினான். கையில் குழந்தையோடு தோன்றிய அன்னை, குழந்தைக்குப் பால் கேட்டார். முதலாளியின் பால் என்று தெரிந்தும், கேட்ட தாய்க்கு இல்லையென்னாமல் கொடுத்தான். பின்னர் முதலாளி வீட்டில் அந்தப் பாற்குடம் பொங்கி வழிந்தது.

இரண்டாவது, நடுத்திட்டில் மோர் விற்ற சிறுவனின் செய்தி. ஏழைக் கைம்பெண்ணின் மகன், நடக்க இயலாதவன், வெயிலில் களைத்து வரும் வழிப்போக்கர்களுக்கு ஆலமர நிழலில் மோர் விற்றுப் பிழைத்தவன். அவனிடமும் அன்னை குழந்தைக்கு மோர் கேட்டார். கொடுத்தான். நாகப்பட்டினத்துக்குப் போய்ச் செய்தி சொல்லுமாறு அன்னை பணித்தபோது, எழுந்து நடந்தான், ஓடினான்.

மூன்றாவது, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளின் செய்தி. கரை சேர்த்தால் ஆலயம் எழுப்புவோம் என்று நேர்ந்துகொண்ட அவர்கள், அன்னையின் பிறப்பு விழாவன்று வேளாங்கண்ணிக் கரையை அடைந்தார்கள். மொழி அறியாத அந்த அந்நியரை அவ்வூர் மீனவர்களே கூரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள் என்று மரபு கூறுகிறது.

மூன்றும் வழிப்பயணிகளைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? முதல் இரண்டிலும் அன்னையே வழிப்போக்கராக வருகிறார். குழந்தையின் பசிக்கு முன்பின் அறியாத சிறுவரிடம் கேட்டு நிற்கிறார். கொடுத்தவர்கள் செல்வர் அல்லர். இருப்பதைப் பகிர்ந்த ஏழைச் சிறுவர்கள். மூன்றாவதில் அன்னையின் பிள்ளைகள் திக்கற்ற பயணிகளாக வருகிறார்கள். 1962-ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அவ்வாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 2010-ஆம் ஆண்டு முதல் இரயிலும் அங்கே செல்கிறது. ஆனால் அத்திருத்தலத்தின் தொடக்கத்தில் நிற்பவை ஒரு குடம் பாலும் ஒரு கிண்ணம் மோருமே. அன்னையைக் காண விரைந்து சென்ற நாங்கள், அன்னை எந்தக் கோலத்தில் சாலையோரத்தில் நிற்பார் என்பதைத்தான் மறந்துபோனோம்.

எம்மாவு நோக்கி நடந்த இரு சீடரையும் இவ்விடத்தில் எண்ணலாம். துயரத்தோடு நடந்த அவர்களுடன் மூன்றாமவர் ஒருவர் சேர்ந்துகொண்டார். பொழுது சாய்ந்தது. அவர் அப்பாற் செல்பவர்போல் காட்டிக்கொண்டார். அவர்கள் விடவில்லை, தங்களோடு தங்குமாறு வற்புறுத்தினார்கள். அப்பம் பிட்கையில்தான் கண்கள் திறந்தன. உயிர்த்த ஆண்டவரை அவர்கள் கண்டுகொண்டது, வழியில் சந்தித்த ஓர் அந்நியருக்கு இரவு உணவு அளிக்க முன்வந்ததால் அன்றோ!

திருச்சபை கட்டிய நிழல்

அந்நியரை ஏற்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று நாம் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அது வெறும் பாடமாக நிற்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், ஐம்பத்து மூன்றாம் அதிகாரம் முழுவதையும் விருந்தினருக்கே ஒதுக்கினார். வருகிற ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்றும், ஏழையரையும் திருப்பயணிகளையும் தனிக் கவனத்தோடு நடத்த வேண்டும் என்றும் பணித்தார். செல்வரைக் கண்டால் அவர்தம் தகுதியே மரியாதையைப் பெற்றுத் தந்துவிடும், ஏழைக்கு நாம்தான் தரவேண்டும் என்பது அவர் கருத்து. மடத்தலைவரே விருந்தினரின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்து, பாதங்களையும் கழுவ வேண்டும் என்பது விதி.

ஆல்ப்ஸ் மலைத் தொடரில், சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. பனிச்சரிவிலும் கொள்ளையரிடமும் சிக்கி அங்கே மடிந்த பயணிகள் பலர். பதினோராம் நூற்றாண்டில் புனித பெர்நார்து அதன் உச்சியில் பயணிகளுக்கு ஓர் இல்லம் எழுப்பினார். அன்றிலிருந்து துறவியர் அங்கே வாழ்ந்து, வருவோருக்கு இடம் அளித்து வருகின்றனர். பனியில் புதையுண்டோரைத் தேட அவர்கள் வளர்த்த பெரிய நாய்கள் உலகப் புகழ் பெற்றவை. 1800-ஆம் ஆண்டு பிறந்த ‘பாரி’ என்னும் நாய் நாற்பது உயிர்களைக் காத்ததாகச் சொல்லப்படுகிறது. அதன் உடல் பதம் செய்யப்பெற்றுப் பெர்ன் நகர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1923-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

நாம் அன்றாடம் வழங்கும் ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லிலும் இவ்வரலாறு ஒளிந்திருக்கிறது. அதன் வேர் விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் சொல். நோயாளிகளுக்கு மட்டும் என்று ஆவதற்கு முன், களைத்து வந்த வழிப்பயணிகளை ஏற்கும் இல்லமாகவே அது இருந்தது.

நம் முன்னோர் நட்ட கல்

மேல்நாட்டுக் கதைகளில் மட்டுமன்று, நம் ஊர்ப் பழைய பாதைகளிலும் இந்த அன்பின் அடையாளங்கள் நிற்கின்றன. இரண்டு நெடுங்கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய ‘சுமைதாங்கி’யைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு தனியே நடப்பவர் சுமையை இறக்கிவைத்தால், மீண்டும் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆளில்லாத பாதையில் என் செய்வார்? ஆகவே தலையுயரத்துக்குச் சற்றுக் கீழே கல்லை அமைத்தார்கள். குனியாமல் இறக்கலாம், எவர் உதவியுமின்றி மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்றிருந்த நிலையில் இறந்த பெண்களின் நினைவாகவே இக்கற்களைப் பெரும்பாலும் நட்டார்கள். சுமை இறக்காமலே போன மகளின் பெயரால், முகமறியாத யாரோ ஒருவர் சுமையை இறக்கட்டும் என்று எண்ணிய அந்தத் தாய் தந்தையரின் உள்ளம் எத்தகையது!

வாசலில் திண்ணை, கோடையில் தண்ணீர்ப் பந்தல், சாலையோரம் நிழல் மரம், ஊர்தோறும் சத்திரம் என்று நம் மக்கள் செய்தவை பல. மதுரை இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரால் நினைக்கப்படுகின்றன. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் கட்டிய சத்திரங்களில் சாதி சமய வேறுபாடின்றிப் பயணிகள் பலர் உணவு பெற்றனர். இன்று புதிய வீடுகளில் திண்ணை இல்லை. வாசலில் பூட்டிய இரும்புக் கதவு இருக்கிறது. காலம் மாறிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் பயணிகள் குறையவில்லை, பன்மடங்கு பெருகியிருக்கிறார்கள்.

அச்சம் என்னும் தடை

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்: 64,105. இறந்தோருள் பலர், முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அடிபட்டவர் அருகில் இருப்பவர் யார்? மருத்துவர் அல்லர், காவலர் அல்லர், அவ்வழியே போகும் நாம்தான்.

“போலீசு, கேசு” என்று நாங்கள் சொன்ன சொல்லைப் பலரும் சொல்கிறார்கள். ஆகவே சட்டம் என்ன கூறுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். விபத்தில் சிக்கியவருக்கு, சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திராமல், உடனே சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 134-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது, அவர் உதவும்போது நேர்ந்த தவறுக்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. தம் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

அச்சட்டம் இத்தகையவருக்கு வைத்துள்ள பெயர் என்ன தெரியுமா? ‘நல்ல சமாரியர்’! கிறிஸ்தவர்கள் சிறுபான்மையராக வாழும் இந்நாட்டின் சட்டமே நம் ஆண்டவரின் உவமையிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்திருக்கிறது. அப்பெயருக்கு உரியவர்களாய் இருக்கவேண்டிய நாமோ சட்டத்துக்கு அஞ்சி வண்டியை நிறுத்தாமல் போகிறோம்.

உதவ அறிவும் வேண்டும். முதலில் நம் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தி, பின்னால் வருவோர் அறியும்படி விளக்கை எரியவிட வேண்டும். உடனே 108-க்குத் தொலைபேச வேண்டும். இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரத்தம் பெருகினால் தூய துணியால் காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும். கழுத்தையோ முதுகையோ வளைக்கும்படி தூக்கக் கூடாது. உதவி ஊர்தி வரும்வரை அருகில் இருந்து, ஆறுதல் மொழி கூற வேண்டும். தூக்கும் வலிமை இல்லாத முதியவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மங்கள வார்த்தை சொல்லலாம் அல்லவா?

ஓடும் வண்டியில்

விபத்து நாள்தோறும் நம் கண்முன் நிகழ்வதில்லை. ஆனால் பேருந்தும் இரயிலும் நமக்கு நாள்தோறும் உண்டு. சிறிய அன்புக்கு அங்கே பெரிய இடம் இருக்கிறது.

முன்பதிவில்லாத பெட்டியைப் பாருங்கள். ஏறும்வரை “கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்கள்” என்று கெஞ்சியவர், ஏறி அமர்ந்ததும் அடுத்த நிலையத்தில் கதவை அடைத்துக்கொண்டு “இங்கே இடமில்லை” என்கிறார். ஒரே மனிதர், ஒரே பயணம், இருபது நிமிட இடைவெளி. நம்மில் யார் இதைச் செய்யாதவர்? கீழ்ப் படுக்கை கிடைத்த இளைஞர், முழங்கால் வலியோடு மேற்படுக்கையை அண்ணாந்து பார்க்கும் பாட்டியைக் காணாததுபோல் போர்வையை இழுத்துக்கொள்கிறார். இருக்கையை விட்டுக்கொடுப்பதற்கு மறைசாட்சிகளின் வீரம் வேண்டியதில்லை. எழுந்து நிற்கக் கால்கள் இருந்தால் போதும்.

மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வரும் தொழிலாளர்கள் இன்று நம் இரயில்களில் பெருந்தொகையாகப் பயணம் செய்கிறார்கள். மொழி தெரியாமல், எந்த நிலையத்தில் இறங்குவது என்று அறியாமல், தாளில் எழுதிய ஊர்ப்பெயரை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களும் அதட்டுபவர்களும் நம்மிடையே உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இதே போன்ற தாளை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் அல்லரா? அவர்களுக்கு அங்கே வழிகாட்டிய முகமறியா மனிதருக்கு நாம் பட்ட கடனை, இங்கே நிற்கும் இவருக்குத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சுகளோடு நடந்த அத்தொழிலாளர்களுக்குச் சோறும் நீரும் செருப்பும் கொடுத்து நின்ற எளிய மக்கள் பலர். அந்த நெஞ்சம் கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டும் உரியதன்று.

அன்போடு முன்மதியும் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பிஸ்கட்டிலும் தேநீரிலும் மயக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடுபவர்கள் இரயில்களில் உண்டு. எனவே முன்பின் தெரியாதவர் தருவதை உண்ணாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது சரியே. ஆனால் வாங்கி உண்ணாதிருப்பது வேறு, உதவாதிருப்பது வேறு. நிலையத்தில் தனியே அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைக் கண்டால், நாமாக எங்கும் அழைத்துச் செல்லாமல், அருகிலேயே நின்று இரயில்வே காவலரிடமோ 1098 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம். ஓடும் இரயிலில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் 139-க்குச் சொன்னால் அடுத்த நிலையத்தில் உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். முன்மதி நம் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கட்டும். நம் கதவையே சுவராக்கிவிட வேண்டாம்.

வீட்டிலிருந்து புறப்படும் முன்

பயணம் புறப்படும்போது சிலுவை அடையாளம் வரைந்து செபிக்கும் நல்ல வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. மகன் தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது, வழித்துணையாக வந்தவர் அதிதூதர் இரபேல் என்பதை அறியாமலே தந்தை அனுப்பிவைத்தார். நமக்கும் அத்தகைய துணை கிடைக்க வேண்டும் என்றே நாம் வேண்டுகிறோம். அந்தச் செபத்தோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம்: “ஆண்டவரே, இன்று வழியில் யாருக்கு நாங்கள் துணையாக வேண்டும் என்று காட்டும்.” பையில் ஒரு தண்ணீர்ப் புட்டி கூடுதலாக வைப்போம். வண்டியில் சிறு மருத்துவப் பெட்டி இருக்கட்டும். புறப்படும் நேரத்தை அரைமணி முன்னதாக வைப்போம். நேரமில்லை என்பதே பெரும்பாலும் நம் முதற்சாக்கு. விழாக் காலத்தில், நடந்துவரும் திருப்பயணிகள் இரவில் தங்க நம் பங்குப் பள்ளியின் திண்ணையும் குழாயும் திறந்திருக்கட்டும். அவர்கள் அணிந்து நடக்க ஒளிரும் பட்டைகள் வாங்கிக் கொடுப்பதை நம் இளைஞர் மன்றங்கள் ஓர் அறப்பணியாக ஏற்கட்டும்.

எங்கள் தாயார் இப்போது இல்லை. அந்த ஆண்டுக்குப்பின் அவர்கள் வாழ்ந்த நாளெல்லாம், இரவுச் செபத்தின் முடிவில் இறந்தோருக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டியபின், “அந்த வளைவில் கிடந்த பிள்ளைக்காகவும், மீன் வண்டிக்காரருக்காகவும்” என்று சேர்த்துச் சொல்வார்கள். எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த வேண்டுதலை இன்று எங்கள் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஏன் என்று அவர்கள் கேட்கும்போது, நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம்.

வேளாங்கண்ணிக்கு இப்போதும் ஆண்டுதோறும் செல்கிறோம். அந்த வளைவு வரும்போது வண்டி தானாகவே வேகம் குறைகிறது. சாலையோரத்தை எல்லாரும் பார்க்கிறோம். அன்று நிறுத்தாத வண்டியை இனி நிறுத்த முடியாது. ஆனால் அன்பு வாசகர்களே, உங்கள் வண்டி இன்னும் அந்த வளைவை அடையவில்லை.